சகப்பிணைப்பு ஒன்றா, பலவா?

கேள்வி

இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்திருப்பதைச் சகப்பிணைப்பு என்கிறோம். அதற்குப் பல வகைகளும் சொல்கிறோம்: முனைவற்றது, முனைவுற்றது, ஈதல் சகப்பிணைப்பு, ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு, சிக்மா, பை, உள்ளடங்கா எலக்ட்ரான்களால் ஆனது. பாடநூல் அட்டவணையில் இவை தனித்தனிக் கட்டங்களில் நிற்கின்றன. 'வேறுபடுத்துக' என்று கேள்வி வந்தால் இரண்டு பத்தி எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இந்த வகைகள் இயற்கையிலேயே பிரிந்து கிடப்பவையா, நம் வசதிக்காக வகுத்துக்கொண்டவையா? ஒரு பிணைப்பு எந்த வகை என்று எதைக் கொண்டு தீர்மானிப்பது? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியலாளர்கள் இதற்குப் பல விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகவில்லை.

சிக்கல் எங்கே என்பதை ஒரு மூலக்கூறைக் கொண்டே பார்த்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்பின் பெயரிலேயே செண்பகம் இருக்கிறது. அந்தப் பூவின் மணத்தில் கலந்துள்ள சேர்மங்களில் ஒன்று இந்தோல். எட்டுக் கார்பன், ஏழு ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன் கொண்ட சிறிய மூலக்கூறு அது. அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏறக்குறைய முனைவற்றவை. நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு முனைவுற்றது. வளையங்களில் சிக்மாவும் உண்டு, பையும் உண்டு. வளையங்கள் முழுவதும் பரவிய பத்து எலக்ட்ரான்களில் எட்டுக் கார்பன்களும் ஆளுக்கு ஒன்று தர, நைட்ரஜன் மட்டும் இரண்டு தருகிறது. பாடநூல் தனித்தனியே பிரித்து வைத்த வகைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மூலக்கூறுக்குள்ளேயே சேர்ந்து நிற்கின்றன. ஒரே பிணைப்பு இரண்டு மூன்று பெயர்களுக்கு உரியதாகவும் இருக்கிறது.

ஆகவே வகைகளின் பட்டியலை இன்னொரு முறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒவ்வொரு வகையும் எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது, எந்த அளவீடு அதைத் தாங்குகிறது, எங்கே அது தடுமாறுகிறது என்று பார்ப்பதே நோக்கம்.

எலக்ட்ரான் ஜோடி: முதல் விடை

அணுக்களுக்கு இணைதிறன் என்ற எண்ணிக்கை உண்டு என்பது 1850-களிலேயே தெளிவாகிவிட்டது. ஃபிராங்க்லண்ட், கெக்குலே, கூப்பர் ஆகியோர் கார்பனுக்கு நான்கு கைகள் என்ற கணக்கை நிலைநிறுத்தினர். அணுக்களை இணைத்து வரையும் கோடு எதனால் ஆனது என்று சொல்ல அவர்களிடம் வழியில்லை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகே அது இயன்றது.

1916-இல் கில்பர்ட் லூயிஸ் சொன்ன விடை எளிமையானது: இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு. எலக்ட்ரான் ஓர் அணுவிடமிருந்து இன்னொன்றுக்கு முழுமையாக மாறிவிடும் அயனிப் பிணைப்பை அதே ஆண்டில் வால்தர் கோசல் விளக்கினார். 1919-இல் இர்விங் லாங்மூர் லூயிஸின் கருத்தை விரித்து, சகப்பிணைப்புக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தந்தார்.

ஜோடியாக இருந்தால் ஏன் பிணைப்பு வலுப்பெற வேண்டும் என்பதை லூயிஸால் சொல்ல முடியவில்லை. 1927-இல் வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் புதிய குவாண்டம் இயங்கியலை ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் பொருத்தினார்கள். முதல் கணக்கிலேயே பிணைப்பு ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. லைனஸ் பாலிங் வளர்த்த இணைதிறன் பிணைப்புக் கொள்கை, பிணைப்பை இரண்டு அணுக்களுக்கு இடைப்பட்ட ஜோடியாகவே பார்த்தது. ஹுண்ட், முல்லிக்கன் ஆகியோரின் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை, எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுமைக்கும் உரியவை என்றது. வகைகளைப் பற்றிய பின்னாள் கருத்து வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்தப் பிரிவிலிருந்தே கிளைத்தது.

பங்கு சமமா, இல்லையா?

முனைவற்றது, முனைவுற்றது என்ற பிரிவு ஒரே கேள்வியைக் கேட்கிறது: பங்கிட்ட ஜோடி நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? 1932-இல் பாலிங் எலக்ட்ரான் கவர்தன்மைக்கு எண்ணளவு தந்தார். இன்று வழக்கிலுள்ள அட்டவணையில் ஃபுளூரினுக்கு 3.98, குளோரினுக்கு 3.16, கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.20. இரு அணுக்களின் மதிப்புகளுக்கு இடையே வேறுபாடு கூடக்கூட முனைவு கூடும். வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்பது வகுப்பறை விதி.

இந்தப் பிரிவைத் தாங்கும் அளவீடு இருமுனைத் திருப்புத்திறன். ஹைட்ரஜன் குளோரைடில் அது 1.08 டிபை. எலக்ட்ரான் முழுமையாகக் குளோரினிடம் போயிருந்தால் அது சுமார் 6 டிபையாக இருக்க வேண்டும். ஆகவே இப்பிணைப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு அயனித்தன்மை உடையது என்கிறோம். இதே கணக்கில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு 41 விழுக்காட்டை நெருங்குகிறது. ஹைட்ரஜன் அயோடைடு 6 விழுக்காட்டளவில் நிற்கிறது. இந்த வரிசையில் முனைவற்றது எங்கே முடிகிறது, முனைவுற்றது எங்கே தொடங்குகிறது என்று காட்டும் இடைவெளி எதுவும் இல்லை. பள்ளியில் போடும் கோடு நாம் போட்டது.

விதி தவறும் இடங்களும் உண்டு. போரான் ட்ரைஃபுளூரைடில் வேறுபாடு 1.94. விதிப்படி அது அயனிச் சேர்மமாக இருக்க வேண்டும், ஆனால் தனித்தனி மூலக்கூறுகளால் ஆன வாயுவாக இருக்கிறது. சோடியம் ஹைட்ரைடில் வேறுபாடு 1.27 மட்டுமே. விதிப்படி சகப்பிணைப்பாக இருக்க வேண்டிய அது, அயனிப் படிகமாக இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு இன்னும் வியப்பூட்டுவது. ஆக்சிஜன் எலக்ட்ரானைக் கவர்வதில் வலியது என்றாலும், மூலக்கூறின் எதிர்மின் முனை கார்பன் பக்கமே இருக்கிறது. திருப்புத்திறனோ 0.1 டிபை அளவுதான். தனித்த ஜோடி எலக்ட்ரான்களும் மூலக்கூறின் திருப்புத்திறனில் பங்கு வகிப்பதால், அந்த எண்ணைப் பிணைப்பின் முனைவுக்கு மட்டுமே உரியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே இதன் பாடம்.

தந்தது யார்?

ஈதல் சகப்பிணைப்பு கேட்கும் கேள்வி வேறு: ஜோடியின் இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு தந்ததா? ஆல்ஃபிரட் வெர்னர் 1893-இல் உலோக அணைவுச் சேர்மங்களுக்குத் தந்த அமைப்பு விளக்கத்தை எலக்ட்ரான் மொழியில் சொல்ல முயன்றபோது இக்கருத்து வளர்ந்தது. நெவில் சிட்ஜ்விக் 1920-களில் இதை விரிவாக நிறுவினார். பாடநூலில் நாம் போடும் அம்புக்குறி அந்த மரபிலிருந்து வருவது.

இதன் பலவீனம் அம்மோனியம் அயனியில் தெரிகிறது. அம்மோனியாவின் நைட்ரஜன் தன் தனித்த ஜோடியை ஒரு புரோட்டானுக்குத் தருகிறது. உருவான பின் நான்கு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளும் எல்லா வகையிலும் சமம். எது ஈதலால் வந்தது என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியானால் ஈதல் என்பது பிணைப்பின் பண்பா, பிணைப்பு வந்த வழியின் வரலாறா?

வரலாறு மட்டுமே என்று முடித்துவிடவும் இயலாது. ஈத்தேனையும் அம்மோனியா–போரேனையும் ஒப்பிட்டால் இது புரியும். இரண்டிலும் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே, வடிவமும் ஒத்தது. ஈத்தேனின் கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 375 கிலோஜூல் வேண்டும். அம்மோனியா–போரேனின் நைட்ரஜன்–போரான் பிணைப்புக்கு சுமார் 130 போதும். முன்னது உடையும்போது ஆளுக்கு ஓர் எலக்ட்ரானாகப் பிரிகிறது. பின்னது ஜோடி முழுவதையும் நைட்ரஜனோடு விட்டுவிட்டுப் பிரிகிறது. 1989-இல் ஆர்னே ஹாலண்ட் இந்த உடையும் விதத்தையே அடிப்படையாகக் கொண்டு ஈதல் பிணைப்பைத் தனி வகையாக நிறுத்தினார். 2014-இல் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. முதன்மைத் தொகுதிச் சேர்மங்களில் அம்புக்குறிகளைக் குறைக்க வேண்டும் என்று ஹிம்மல், கிராசிங், ஷ்னெஃப் ஆகியோர் எழுத, கூட்ட வேண்டும் என்று கெர்னாட் ஃபிரெங்கிங் மறுத்தெழுதினார். அம்பு என்பது அமைப்பைக் காட்ட வேண்டுமா, வினையில் பிணைப்பு உடையும் விதத்தைக் காட்ட வேண்டுமா என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன.

எத்தனை ஜோடி, எந்த வடிவம்?

ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு என்பவை எண்ணிக்கை பற்றியவை. சிக்மா, பை என்பவை எலக்ட்ரான் மேகத்தின் சமச்சீர் பற்றியவை. இரு அணுக்கருக்களையும் இணைக்கும் அச்சைச் சுற்றி மேகம் சீராக இருந்தால் சிக்மா; அச்சுக்கு மேலும் கீழுமாகப் பிரிந்து நின்றால் பை. ஒற்றைப் பிணைப்பு பொதுவாக ஒரு சிக்மா. அதற்கு மேல் வருபவை பை.

இதற்கான சான்று வலுவானது. கார்பன்–கார்பன் நீளம் ஒற்றையில் 154, இரட்டையில் 134, முப்பிணைப்பில் 120 பிக்கோமீட்டர். ஆற்றல் முறையே ஏறத்தாழ 347, 614, 839 கிலோஜூல். இரண்டாவது பிணைப்பு முதலாவதைப் போல இன்னொரு 347-ஐச் சேர்க்காமல் 267-ஐ மட்டும் சேர்ப்பதால், கார்பனில் பை பிணைப்பு சிக்மாவைவிட வலுக்குறைந்தது எனக் கொள்கிறோம். ஈத்தேனின் இரு முனைகளையும் ஒன்றுக்கொன்று சுழற்ற 12 கிலோஜூல் போதும். எத்திலீனில் அதற்கு 270 அளவு வேண்டும், ஏனெனில் சுழற்றினால் பை பிணைப்பு உடைகிறது.

எனினும் இரட்டைப் பிணைப்பை வேறு விதமாகவும் வரையலாம். அச்சுக்கு மேலும் கீழும் வளைந்த, ஒத்த இரண்டு பிணைப்புகளாகப் பாலிங் அதைக் கண்டார். ஒரு சிக்மா, ஒரு பை என்று ஹூக்கல் கண்டார். மூலக்கூறு ஆர்பிட்டால் கணக்கில் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதலாம். மொத்த எலக்ட்ரான் அடர்த்தி மாறாது. சிக்மா–பை பிரிவு வினைகளையும் நிறமாலைகளையும் விளக்க மிக உதவுகிறது. ஆனால் அளந்த எலக்ட்ரான் அடர்த்தி இதுதான் சரி, அது தவறு என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

வத்திராயிருப்புக்காரர் அளந்தது

பிணைப்பு இரண்டு அணுக்களுக்குள் அடங்குமா என்ற கேள்வியில் செண்பகத்தோப்பு வட்டாரத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, இதே மலையடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். 1928-இல் சி. வி. ராமனுடன் சேர்ந்து ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர் என்றே அவரைப் பலரும் அறிவார்கள். ஆனால் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் படிகங்களின் காந்தப் பண்பை அளந்த பணி, சகப்பிணைப்பு பற்றிய புரிதலுக்கு இன்னும் நெருக்கமானது.

பின்னணி இது. 1865-இல் கெக்குலே பென்சீனுக்கு ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரும் அறுகோண வளையத்தை முன்வைத்தார். அது உண்மையானால் பிணைப்பு நீளங்கள் மாறி மாறி இருக்க வேண்டும். 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல் ஹெக்சாமெத்தில் பென்சீனின் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, வளையம் தட்டையான சீர் அறுகோணம் என்று காட்டினார். பென்சீனில் ஆறு பிணைப்புகளும் சுமார் 140 பிக்கோமீட்டர். ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடைப்பட்ட அளவு. அப்படியானால் அந்த ஆறு பை எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன?

கிருஷ்ணனின் முறை எளிய கருவிகளால் ஆனது. பூச்சி உருண்டையாக நாம் அறிந்த நாஃப்தலீனின் சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையின் நுனியில் ஒட்டி, சீரான காந்தப் புலத்தின் நடுவே தொங்கவிடுவார்கள். டயாகாந்தப் படிகம் புலத்தை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் எதிர்ப்பதில்லை. மிகுதியாக எதிர்க்கும் திசை புலத்துக்குக் குறுக்கே அமையும்படி அது தானாகத் திரும்பி நிற்கும். இழையின் மேல்முனையை மெல்லத் திருகினால் படிகம் முதலில் சிறிதளவே நகரும். ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணம், இழையின் முறுக்கு விறைப்பு, புலத்தின் வலிமை, படிகத்தின் நிறை ஆகியவற்றைக் கொண்டு இரு திசைகளுக்கும் இடையிலான காந்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். 1930-களில் கிருஷ்ணனும் உடன் உழைத்தவர்களும் இம்முறையால் அரோமேட்டிக் படிகங்களை வரிசையாக அளந்தார்கள். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அந்த அளவீடுகளிலிருந்தே கணிக்கவும் முடிந்தது. 1936-இல் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து, படிகத்தின் காந்தப் பண்புக்கும் மூலக்கூறு அமைப்புக்கும் உள்ள உறவை எழுதினார்கள்.

கண்டது என்ன? வளையத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்த எதிர்ப்பு மிகவும் அதிகம். பென்சீனுக்குப் பெறப்பட்ட வேறுபாடு மோலுக்கு ஏறத்தாழ −54 × 10⁻⁶ அலகு. 1936-இல் பாலிங், பை எலக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றித் தடையின்றி ஓடுவதாகக் கொண்டு கணக்கிட்டபோது அதை ஒட்டிய மதிப்பு கிடைத்தது. அடுத்த ஆண்டு லண்டன் இதைக் குவாண்டம் அடிப்படையில் நிறுவினார். கிராஃபைட்டில் இந்தப் பண்பு இன்னும் பெரிதாகத் தெரிந்தது: அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் காந்த எதிர்ப்பு, அடுக்கின் தளத்தில் உள்ளதைப்போல் சுமார் 40 மடங்கு. கிருஷ்ணன் அதையும் விரிவாக ஆராய்ந்தார். தொங்கும் ஒரு படிகத் துண்டு புரளும் கோணம், இரண்டு அணுக்களுக்கு இடையே கோடு போட்டு முடித்துவிட முடியாத பிணைப்பு உண்டு என்பதற்கு வலுவான சான்றாகிவிட்டது. இந்தோலின் பத்து எலக்ட்ரான்களையும் இந்தக் கண்கொண்டே இன்று பார்க்கிறோம்.

இந்த விடையும் வரம்புக்கு உட்பட்டதே. காந்த வேறுபாடு முழுவதும் வளைய ஓட்டத்தால் வருவதன்று, ஒரு பகுதி சிக்மா பிணைப்புகளின் உள்ளூர்ப் பங்களிப்பு என்று பின்னர் தெரியவந்தது. ஆற்றலில் இன்னொரு சான்று உண்டு. பென்சீனை முழுமையாக ஹைட்ரஜனேற்றம் செய்தால் 208 கிலோஜூல் வெளிப்படுகிறது. தனித்தனி மூன்று இரட்டைப் பிணைப்புகளுக்கு எதிர்பார்ப்பது 360. இந்த 150 அளவு வேறுபாட்டை உடனிசைவு ஆற்றல் என்கிறோம். ஆனால் எதிர்பார்ப்பு எண்ணை எந்த ஒப்பீட்டிலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். மேலும், பை எலக்ட்ரான்கள் தாமாகச் சீரான வளையத்தை விரும்புவதில்லை, சிக்மா சட்டகமே சீரை நிலைநிறுத்துகிறது என்று ஷாயிக்கும் ஹிபெர்ட்டியும் 1980-களிலிருந்து வாதிட்டு வருகிறார்கள். அது இன்னும் முடிந்துபோன வழக்கு அன்று.

ஜோடி இல்லாமலும் பிணைப்பு

லூயிஸின் ஜோடி விதியை வேறு திசையிலிருந்து அசைத்தது டைபோரேன். எட்டுப் பிணைப்புக் கோடுகள் தேவைப்படும் மூலக்கூறில் பன்னிரண்டு எலக்ட்ரான்கள்தான் உள்ளன. ஆறு கோடுகளுக்கே போதும். 1943-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இளநிலை மாணவராக இருந்த லாங்கே-ஹிக்கின்ஸ், தன் ஆசிரியர் பெல்லுடன் சேர்ந்து, இரண்டு ஹைட்ரஜன்கள் இரு போரான்களுக்கும் நடுவே பாலமாக நிற்கின்றன என்று காட்டினார். ஒவ்வொரு பாலமும் மூன்று அணுக்கள் பகிரும் ஒரே ஜோடி. நீளமும் அதையே சொல்கிறது: ஓரத்து போரான்–ஹைட்ரஜன் 119 பிக்கோமீட்டர், பாலத்தில் 133. இத்தகைய போரான் சேர்மங்களை ஆராய்ந்த லிப்ஸ்கோம்ப் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வகைக் கூண்டு அமைப்புகளுக்கு எத்தனை எலக்ட்ரான் ஜோடி தேவை என்று சொல்லும் பொதுவிதியை 2001-இல் வகுத்தவர்களில் முதன்மையானவர் இந்திய வேதியியலாளர் ஜெம்மிஸ்.

ஓர் எலக்ட்ரானே போதுமா என்ற கேள்வியும் பழையது. ஒரே எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி சுமார் 256 கிலோஜூல் வலிமையோடு நிற்கிறது. ஜோடி கொண்ட ஹைட்ரஜனின் 436-இல் பாதிக்கும் மேல். இரு கார்பன்களுக்கு இடையே ஒற்றை எலக்ட்ரான் சிக்மா பிணைப்பு உள்ள படிகத்தை ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் அறிவித்தார்கள். அதன் நீளம் 290 பிக்கோமீட்டரை ஒட்டியது, வழக்கமான ஒற்றைப் பிணைப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே ஜோடி என்பது மிகப் பொதுவான வடிவம், கட்டாயம் அன்று என்பதே இன்றைய நிலை எனலாம்.

சகப்பிணைப்பு எங்கே முடிகிறது?

இதுவரை கண்டவை வகைகளுக்கு இடையிலான எல்லைகள். சகப்பிணைப்புக்கே வெளி எல்லை எங்கே என்பதும் கேள்விதான். அதை ஹைட்ரஜன் பிணைப்பில் தெளிவாகப் பார்க்கலாம்.

ராஜபாளையம் ஆலைகளில் நூலாகும் பருத்தியும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியாக நெய்யப்படும் பருத்தியும் பெரும்பாலும் செல்லுலோஸ். குளுக்கோஸ் வளையங்களை நீள் சங்கிலியாகக் கோப்பவை முனைவுற்ற கார்பன்–ஆக்சிஜன் சகப்பிணைப்புகள். சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பதில் பெரும்பங்கு ஹைட்ரஜன் பிணைப்புக்கு. துணி தண்ணீரை உறிஞ்சும்போது தண்ணீர் மூலக்கூறுகள் இந்த இரண்டாவது வகைக்குள் புகுந்து சிலவற்றை விலக்குகின்றன. முதல் வகையைத் தொடுவதில்லை. அதனால்தான் துணி நனைகிறது, கரைவதில்லை. இஸ்திரி போடும்போது சூடும் ஈரமும் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குலைத்துப் புதிய இடத்தில் அமைக்கின்றன. நடைமுறையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு கூர்மையானது.

கோட்பாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை. 1920-இல் லாடிமரும் ரோடபுஷும் நீருக்கு இக்கருத்தை முன்வைத்தனர். இது மின்னேற்றங்களின் ஈர்ப்பு மட்டுமே என்பது நீண்ட கால நிலைப்பாடு. நீர் மூலக்கூறு இரண்டுக்கு இடையே அதன் வலிமை 20 கிலோஜூல் அளவு. ஆனால் பைஃபுளூரைடு அயனியில் ஹைட்ரஜன் இரு ஃபுளூரின்களுக்கும் நட்ட நடுவே, ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 114 பிக்கோமீட்டரில் நிற்கிறது. அதன் வலிமை 160 கிலோஜூலை ஒட்டியது. ஃபுளூரின் மூலக்கூறின் சகப்பிணைப்பு 158 மட்டுமே. இரண்டில் எதை முழுப் பிணைப்பு என்பது, எதைப் பலவீனமானது என்பது? 1999-இல் பனிக்கட்டியில் எக்ஸ் கதிர்ச் சிதறலை அளந்த குழு, ஹைட்ரஜன் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மைக்குச் சான்று கண்டதாக அறிவித்தது. அந்த விளக்கத்தைப் பிறர் மறுத்தார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அருணன். 2011-இல் வெளிவந்த அக்குழுவின் வரையறை ஒற்றைக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. மின்னீர்ப்பு, மின்னேற்றப் பெயர்வால் வரும் பகுதிச் சகப்பிணைப்பு, சிதறல் விசை ஆகிய மூன்றுக்கும் இடம் தந்து, பிணைப்பு உருவானதற்கான சான்று வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பெயரைவிடச் சான்றுக்கு முதலிடம் தந்தது இதன் சிறப்பு. 2013-இல் கௌதம் தேசிராஜு உள்ளிட்டோர் எழுதிய வரையறை ஹாலஜன் பிணைப்புக்கும் வந்தது. அதே ஆண்டில் அருணனும் அவர் மாணவர் தேவேந்திர மணியும் கார்பன் பிணைப்பு என்றொரு பலவீன ஈர்ப்பை முன்மொழிந்தார்கள். இப்படி ஒவ்வொரு தனிமத்தின் பெயரிலும் ஒரு பிணைப்பு வேண்டுமா என்று தயங்குபவர்களும் உள்ளனர். அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

அடியில் கிடக்கும் கேள்வி

எல்லா வகைகளுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: பங்கிடுவதால் ஏன் ஆற்றல் குறைகிறது? இரு கருக்களுக்கும் நடுவே எலக்ட்ரான் குவிந்து இரண்டையும் ஈர்ப்பதால் என்பது வகுப்பறை விடை. ஹெல்மன் 1933-இல் வேறொன்றைச் சுட்டினார். ரூடன்பெர்க் 1962-இல் அதை விரிவாக நிறுவினார். எலக்ட்ரானுக்கு உலவ இடம் கூடுவதால் அதன் இயக்க ஆற்றல் குறைகிறது, பிணைப்பின் தொடக்கம் அதுவே என்பது அவர்கள் வாதம். ஹைட்ரஜனுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. 2020-இல் லெவினும் ஹெட்-கார்டனும் செய்த பகுப்பாய்வு, உட்கூட்டு எலக்ட்ரான்கள் கொண்ட கனமான அணுக்களில் இதே கதை அப்படியே தொடர்வதில்லை என்று காட்டியது. ஃபுளூரின் போன்ற மூலக்கூறுகளில் பங்கிடுதலைவிட, ஜோடி இரு பக்கமும் மாறி மாறிச் சாய்வதே நிலைத்தன்மை தருகிறது என்று ஷாயிக்கும் ஹிபெர்ட்டியும் 1990-களில் இன்னொரு வகையையே முன்மொழிந்தார்கள். அப்படியானால், முனைவற்ற சகப்பிணைப்பு என்ற ஒரே கட்டத்தில் நாம் வைத்திருக்கும் ஹைட்ரஜனும் ஃபுளூரினும், பிணைப்பின் காரணத்தால் பிரிந்து நிற்கக்கூடும்.

மதிப்பீடு

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, சகப்பிணைப்பின் வகைகளை ஒன்றையொன்று விலக்கும் இனங்களாகக் கொள்வது பொருந்தாது என்றே தோன்றுகிறது. முனைவு ஜோடியின் சாய்வைக் கேட்கிறது; ஈதல் எலக்ட்ரான் வந்த வழியையும் உடையும் விதத்தையும் கேட்கிறது; ஒற்றை முதல் முப்பிணைப்பு வரையிலான பிரிவு எண்ணிக்கையைக் கேட்கிறது; சிக்மா–பை பிரிவு சமச்சீரைக் கேட்கிறது; உள்ளடங்காமை எத்தனை அணுக்கள் பகிர்கின்றன என்பதைக் கேட்கிறது. ஒரே பிணைப்பு இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் விடை சொல்லும். வகைகள் வெறும் வசதி என்று தள்ளிவிடவும் முடியாது. நீளம், ஆற்றல், திருப்புத்திறன், சுழற்சித் தடை, காந்த வேறுபாடு ஆகிய அளவீடுகள் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் நிற்கின்றன.

வகைகள் எல்லாம் ஒரே உறுதியில் நிற்கவில்லை என்பதும் உண்மை. எண்ணிக்கையும் உள்ளடங்காமையும் பல அளவீடுகள் ஒத்துச் சொல்பவை. முனைவு அளவிடக்கூடியது, ஆனால் எல்லைக்கோடு இல்லாதது. ஈதல், உடையும் விதத்தைக் கொண்டு வரையறுத்தால் பொருளுடையது. வரைபடக் குறியாக மட்டும் எடுத்தால் தடுமாறுவது. சிக்மா–பை, கணக்கிலும் வினையிலும் பயன் மிக்கது. ஒரே சரியான பிரிப்பு என்ற உரிமை அதற்கு இல்லை.

திறந்தே இருப்பவை மூன்று. பிணைப்பு ஆற்றலின் மூல காரணம் எல்லா அணுக்களுக்கும் ஒன்றா என்பது முதலாவது. உடனிசைவு ஆற்றலில் சிக்மா, பை பங்குகளை ஐயமின்றிப் பிரிக்க இயலுமா என்பது இரண்டாவது. சகப்பிணைப்புக்கும் பலவீன ஈர்ப்புகளுக்கும் நடுவே கோடு போடுவதா, சரிவாக விடுவதா என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவது ஓரளவு நம் முடிவைப் பொறுத்தது. முதல் இரண்டும் கணக்கும் அளவீடும் தீர்க்க வேண்டியவை.

வகுப்பறைக்கு இதிலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேறுபாட்டு அட்டவணையில் வகை, எடுத்துக்காட்டு என்ற கட்டங்களோடு, 'எந்தக் கேள்விக்கு விடை', 'எதை அளந்து சொல்கிறோம்' என்ற இரண்டு கட்டங்களையும் சேர்க்கலாம். அவற்றை நிரப்பப் பழகிய மாணவர், அம்மோனியம் அயனியிலோ போரான் ட்ரைஃபுளூரைடிலோ விதி தவறும்போது குழம்பமாட்டார். எந்தக் கேள்வியில் விதி தவறியது என்பதைத் தாமே கண்டுகொள்வார்.